மூன்று புலி, பதினைந்து ஆடு, ஒரு வெட்டி வேலை

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வாசலைத் தாண்டினால் தட்டுக்கடைகள். மாலை ஆறரைக்குக் கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரி சூடாக இருக்கும். அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார இடம் கிடைப்பது பெரிய யோகம். போன மழைக்காலத்தில் ஒருநாள் அப்படிக் கிடைத்த இடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஆடு புலி ஆட்டக் கட்டம் ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முக்கோணம், குறுக்கே கோடுகள், மூன்று சிவப்புப் புள்ளி, பதினைந்து வெள்ளைப் புள்ளி. சத்தம் கிடையாது, முகப்பு கிடையாது, ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான்கூடக் கிடையாது. பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்த அலுவலக நண்பர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், என்னைவிட நல்ல நிரலாளர். “இதுகொண்டு எந்தா பிரயோஜனம்?” என்றார். கேட்டது சுருக்கென்று பட்டிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஆறுதலாக இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்: “ப்ளே ஸ்டோரில் இட்டுகூடே?”

ஒரே கருத்துக்கு இரண்டு வாய். பொழுதுபோக்காக வீடியோ கேம் எழுதிப் பார்க்கிறவன் ஒன்று அதைச் சரக்காக்கிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது மூட்டைகட்டி வைத்துவிட்டு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும். ஊரில் மாமா இதையே “வீட்டுக் கடனை அடைக்கிற வழியைப் பாருடே” என்பார். கேம் செய்வது எப்படி என்று காணொளியில் வகுப்பெடுக்கிறவர்கள் இதையே வேறு தினுசில் சொல்வார்கள்: “தொடங்கியதை முடி. முடித்து வெளியிடாதவன் படைப்பாளியே இல்லை.” அரசாங்கத்தின் பாஷை இன்னும் பெரியது. 2022 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கென்று ஒரு பணிக்குழு அறிவித்தார்கள். கேரளமும் அதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. எல்லாவற்றிலும் வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, முதலீடு. பத்திரிகையில் ‘கேம்’ என்ற சொல் வந்தால் ஒன்று ஆயிரம் கோடித் தொழில், இல்லையென்றால் ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்தவன் கதை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இதற்கென்று ஒரு சட்டமே போட்டது: பணம் கட்டி ஆடுவதற்குத் தடை, மற்றவற்றுக்கு ஊக்கம். இரண்டுக்கும் நடுவில், ராத்திரி பத்து மணிக்குமேல் ஒரு புள்ளியைத் திரையில் குதிக்கவைத்துப் பார்க்கிற ஆளுக்கு இடமே இல்லை.

அந்த ஆளுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் அந்த ஆள்தான் என்பதை மறைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வேடிக்கை. கிழக்கே கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே ஆ. மாதவன் பல்லாண்டு பாத்திரக் கடை நடத்தினார். குடமும் செம்பும் விற்ற அந்த மனிதர்தான் அதே தெருவின் சுமைகாரர்களையும் சில்லறைத் திருடர்களையும் கதையாக்கித் தமிழுக்குத் தந்தவர். நீல. பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர். அவருடைய ‘தலைமுறைகள்’ நாவல் 1968-இல் வந்தது. நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினார். அதே 1968-இல் ‘குருக்ஷேத்திரம்’ என்ற தொகுப்பைத் தாமே கொண்டுவந்தார். இந்த ஊரின் தமிழ் இலக்கியம் மொத்தமும் வேலை முடிந்த பிறகு மிஞ்சிய நேரத்தில் எழுதப்பட்டது. இன்று அவர்களைப் பற்றிப் பேச உட்காருகிற யாரும் “சரி, இதில் நிகர லாபம் எவ்வளவு?” என்று தொடங்குவதில்லை. சாலையில் எந்தப் பொருளுக்கும் விலை கேட்பார்கள், பேரமும் பேசுவார்கள். கதைக்கு மட்டும் அந்தத் தராசு ஆகாது என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

உடனே ஒரு மறுப்பு வரும்: மாதவன் எங்கே, உன் மூன்று சிவப்புப் புள்ளி எங்கே? நியாயம். தரத்தை நான் ஒப்பிடவில்லை. அந்த உயரத்துக்கு என்னிடம் ஏணி இல்லை. எடை போடுகிற தராசைத்தான் ஒப்பிடுகிறேன். கவிதை எழுதிப் பெட்டியில் வைக்கிற எழுத்தரைப் பார்த்து ‘பாவம், ரசனை உள்ள ஆள்’ என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வீணை வாசிக்கிற வங்கி அதிகாரியிடம் கச்சேரி எப்போது என்று கேட்டு நச்சரிப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் வெண்டையும் கத்தரியும் போடுகிறவரிடம் ‘காய்கறிச் சந்தை நிலவரம் பார்த்தீர்களா’ என்பதில்லை. நிரல் எழுதுகிறவன் மட்டும் கை வைத்ததெல்லாம் தொழிலாக வேண்டும். அவன் பகலில் அதே விரலால் சம்பாதிக்கிறான் அல்லவா, அதனால் ராத்திரியும் அந்த விரல் சும்மா இருக்கக் கூடாதாம். தச்சன் தன் பிள்ளைக்கு நடைவண்டி செய்தால் அதற்கும் ரசீது போடச் சொல்கிற கணக்கு இது.

இந்த ஊரில் சிறு முயற்சிகளுக்காக வாதாடுகிறவர்கள் எல்லாரும் தும்பாவைத்தான் இழுப்பார்கள். சைக்கிளில் ராக்கெட் முனையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற அந்தப் புகைப்படம். மாதா கோயிலுக்குள் அலுவலகம், 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட். நான் அதை இழுக்க மாட்டேன். தும்பா பொழுதுபோக்கு இல்லை; அது அரசுத் திட்டம். பறந்ததும் அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி. அந்த மாதிரி வாதம் எல்லாமே கடைசியில் “சின்னதாகத் தொடங்கினால் ஒருநாள் பெரிதாகும்” என்ற இடத்தில்தான் போய் நிற்கும். நான் சண்டை போடுவதே அந்த வாக்கியத்தோடுதான்.

அதனால் என் பக்கம் நின்று பேச வருகிற நண்பர்களையும் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டியிருக்கிறது. பொழுதுபோக்கு நிரலாளனைக் காப்பாற்ற வருகிறவர்கள் கையில் ஒரு ஜெபமாலை இருக்கும். மார்க்கஸ் பெர்சன் 2009-இல் ஓய்வு நேரத்தில் தொடங்கிய மைன்கிராஃப்டை 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. ஜோஷ் வார்டில் தன் துணைக்காகச் செய்த வேர்டில் என்ற சொல் விளையாட்டு 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸுக்குப் போனது. 2018-இல் வந்து உலகமெல்லாம் விற்ற செலஸ்ட் முதலில் நாலே நாளில் செய்த ஒரு குட்டி விளையாட்டு. ஆகவே, தம்பி, விடாதே. மாமா சொன்னதும் இதுவும் ஒன்றேதான். மாமா ‘பணம் வராது, விடு’ என்கிறார். இவர்கள் ‘பணம் வரலாம், விடாதே’ என்கிறார்கள். லாட்டரிச் சீட்டை வாங்காதே என்கிறவரும் வாங்கு என்கிறவரும் சீட்டை ஒரே மாதிரிதான் மதிப்பிடுகிறார்கள். (கேரளத்தில் இருந்துகொண்டு லாட்டரியைக் குறை சொல்வது ஆபத்து. உவமைதான்.) மணியில் ஒன்றை மட்டும் நைசாகத் தள்ளிவிடுவார்கள்: ஹனோயைச் சேர்ந்த டோங் நுயென். அவர் சில நாளில் எழுதிய ஃப்ளாப்பி பேர்ட் விளம்பரத்தில் நாளொன்றுக்கு 50,000 டாலர் கொண்டுவந்தது என்று செய்தி வந்த அதே சமயம், 2014 பிப்ரவரியில், அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். எளிய வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்றார்.

ஜெபமாலையிலேயே பெரிய மணி யூனிக்ஸ் இயங்குதளம். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையை எல்லாரும் தலைகீழாகச் சொல்கிறார்கள். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன் ‘ஸ்பேஸ் டிராவல்’ என்று ஒரு விளையாட்டு எழுதினார். சூரியன், கிரகங்கள், நிலவுகள். நடுவில் ஒரு விண்கலம். ஓட்டிக்கொண்டுபோய் எங்காவது இறக்க வேண்டும். எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆய்வகத்தின் பெரிய கணினியில் ஒருமுறை ஆடினால் 75 டாலர் செலவு. படமும் விக்கி விக்கி நகர்ந்தது. அதனால் யாரும் அதிகம் தொடாமல் ஒரு பக்கமாகக் கிடந்த பிடிபி-7 என்ற சிறு எந்திரத்துக்கு அதை மாற்றினார். டென்னிஸ் ரிட்சி கூடச் சேர்ந்துகொண்டார். அந்த எந்திரத்தில் ஒன்றுமே இல்லை. தசமக் கணக்குப் போடுவதிலிருந்து எழுத்து வரைவதுவரை எல்லாவற்றையும் தாங்களே எழுதினார்கள். எந்திரம் கைக்குப் பழகியதும் அதற்கொரு கோப்பு முறை, பிறகு இன்னொன்று என்று வளர்ந்து யூனிக்ஸ் ஆனது. இன்று உங்கள் கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனின் குலமுறை அங்கே போய்ச் சேரும்.

“பார்த்தாயா, விளையாட்டிலிருந்து யூனிக்ஸ் வந்தது” என்று முடிப்பார்கள். வந்தது, சரி. வராமல் போயிருந்தால்? தாம்ஸன் தன் கலத்தை ஒரு நிலவில் இறக்கி, ‘ஆகா, ஈர்ப்பு விசை இப்படித்தான் இழுக்கிறதா’ என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், அந்த மாதங்கள் வெட்டியா? ஆமாம் என்றால் சொல்லட்டும். ஆனால் அந்த மாதங்களில் அவருக்கே யூனிக்ஸ் வரும் என்று தெரியாது. பிரயோஜனம் தெரிந்துதான் உட்காரவேண்டும் என்ற விதி இருந்திருந்தால் அவர் உட்கார்ந்தே இருக்க மாட்டார். பலனை வைத்து முயற்சியை நியாயப்படுத்துகிறவர்கள் பலன் வந்த பிறகுதான் வாயைத் திறக்க முடியும். அதற்கு முந்தைய நாள் அவர்கள் கையிலும் மாமாவின் கேள்விதான் இருக்கும்.

வில் கிரௌதர் கதையில் அந்தக் குழப்பமும் இல்லை. அவர் குகைக்குள் இறங்கிச் சுற்றுகிற பித்துக்காரர்; அமெரிக்காவின் மாமத் குகைத் தொகுதியை அளந்து வரைபடம் போட்டவர்களில் ஒருவர். மணமுறிவுக்குப் பின், 1975-76 வாக்கில், தன் பெண்குழந்தைகள் வந்து ஆட வேண்டும் என்று அந்தக் குகையையே வார்த்தைகளால் கணினியில் கட்டினார். ‘வடக்கே போ’ என்று தட்டினால் வடக்கே போகும். எழுதினார், அப்படியே கணினியில் விட்டுவிட்டார். பிறகு டான் வுட்ஸ் என்ற மாணவர் அதைக் கண்டெடுத்து விரித்ததும், அதிலிருந்து ஒரு விளையாட்டு வகையே பிறந்ததும் தனிக் கதை. கிரௌதரைப் பொறுத்தவரை பிள்ளைகள் ஆடிய அன்றே அது முடிந்துபோயிற்று.

முடிந்துபோயிற்று என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ‘முடி, வெளியிடு’ என்கிறவர்களுக்கு முடிவென்றால் கடையில் ஒரு சின்னம், ஒரு முகப்பு, ஐந்து நட்சத்திரம். சோதனைக்கு முடிவு அப்படி வராது. சோதனை ஒரு கேள்வி. விடை கிடைத்த அன்று அது முடிகிறது. அதற்குமேல் முகப்பும் பொத்தானும் செய்வது, பரீட்சை எழுதி முடித்தவன் விடைத்தாளுக்கு ஜரிகை வைத்துத் தைப்பது மாதிரி.

என் புலிக் கதையைச் சொன்னால் விளங்கும்.

தக்கலையில் என் பெரியம்மா ஆடு புலியில் கை தேர்ந்தவள். சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் வரைவாள்; ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு மூன்று கல். கோடுகள் சந்திக்கிற இடங்கள் 23. ஆட்டை ஒவ்வொன்றாக இறக்குவாள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் வெட்டு. ஆடுகள் எல்லாம் சேர்ந்து புலியை அசையவிடாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அவளிடம் புலியாக ஆடி நான் ஜெயித்ததே இல்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று: அவள் எப்படி ஜெயிக்கிறாள்?

முதலில் கணக்குப் போட்டேன். மூன்று புலியும் பதினைந்து ஆடும் 23 இடத்தில் நிற்கக்கூடிய விதங்கள் 2 கோடியே 74 லட்சத்து 57 ஆயிரத்து 584. ஆடுகள் வெட்டுப்பட்டுக் குறைந்த நிலைகளையும் சேர்த்தால் 184 கோடியைத் தாண்டும். சுண்ணக்கட்டியால் போட்ட ஒரு முக்கோணத்துக்குள்! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த எண்ணுக்காக மட்டுமே அந்த வேலை தகும் என்று பட்டது. பிறகு புலியை எழுதினேன். முதல் புலி மக்குப் புலி: வெட்டு கிடைத்தால் உடனே வெட்டும். பெரியம்மாவை ஆடவைத்தேன். மூன்றாம் நகர்வில் ஓர் ஆட்டை வேண்டுமென்றே கொடுத்தாள். புலி பாய்ந்து மூலைக்குப் போயிற்று. பின்னாலேயே கதவைச் சாத்தினாள். நான் இத்தனை வருஷம் தோற்ற விதம் அதுதான் என்று திரையில் பார்த்தபோதுதான் உறைத்தது.

இரண்டாவது புலி கெட்டிக்காரப் புலி: ஆறு நகர்வு முன்கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கும். எந்த வலையிலும் விழாது, எந்த ஆசைக்கும் மயங்காது. பெரியம்மா இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுக் கணினியைத் தள்ளிவைத்தாள். “இது புலியா, தாசில்தாரா? ஒண்ணுக்கும் மசிய மாட்டேங்கு.”

அங்கேதான் என் கேள்வியே மாறியது. பலமான புலியைச் செய்துவிட்டேன், ஆனால் அது புலி இல்லை. ரொம்ப நாள் யோசித்து, ஒரு மாறியைச் சேர்த்தேன். பெயர்: பசி. சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண். சாப்பிடாமல் போகிற ஒவ்வொரு நகர்வுக்கும் கொஞ்சம் ஏறும். ஓர் ஆட்டை வெட்டியதும் சுழியத்துக்கு இறங்கும். பசி ஏற ஏறப் புலி யோசிப்பதைக் குறைத்துக்கொண்டு பாயும். ஏறுகிற வேகத்தை எட்டுப் பத்து தடவை மாற்றியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா ஜெயித்தாள், அடுத்த ஆட்டம் தோற்றாள், அடுத்தது ஜெயித்தாள். “இப்பதான்லே இதுக்குப் புலி புத்தி வந்திருக்கு” என்றாள்.

சோதனை முடிந்தது. கேள்விக்கு விடை வந்துவிட்டது: நல்ல எதிராளி என்பவன் மிகப் பலமானவன் இல்லை, ஆசை உள்ளவன். அதற்குப் பிறகு அந்தக் கோப்பைப் பெரிதாகத் தொடவில்லை.

இதெல்லாம் தெரிந்த சங்கதிதானே என்று துறை ஆட்கள் சிரிப்பார்கள். உண்மை. 1980-இல் பேக்-மேன் செய்த தோரு இவாதானி நான்கு பேய்களுக்கும் நான்கு குணம் கொடுத்தார். கொஞ்ச நேரம் துரத்திவிட்டு அவை தங்கள் மூலைக்குத் திரும்பும், ஆடுகிறவன் மூச்சு விடுவான். அவர் அன்றைக்குச் செய்ததை நான் தக்கலைத் திண்ணையில் கண்டுபிடித்தேன். அதனாலென்ன? ரசம் வைக்கிற முறை நூறு புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது; புளி எவ்வளவு என்பது கை வைத்தால்தான் தெரியும். திரையில் ஓர் உருவத்தைக் குதிக்கவைப்பதும் அப்படித்தான். மேடையின் விளிம்பைக் கால் தாண்டிய பிறகும் ஏறக்குறைய ஐந்தாறு பிரேம், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, குதிக்க அனுமதிக்க வேண்டும். கணக்குப்படி அது பொய். காலடியில் தரையே இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால் ஆடுகிறவன் ‘நான் சரியாகத்தான் அமுக்கினேன், இது ஏமாற்றுகிறது’ என்பான். படித்தால் இது ஒரு வரி. இரண்டு விதமாகவும் எழுதி, இரண்டையும் ஆடிப் பார்த்த கட்டைவிரலுக்கு அது வேறு அறிவு.

சந்தைக்கு விட்டால் சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, அவர்களிடம் என் தமிழ் எழுத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சிறிய விளையாட்டு எந்திரங்கள், அதாவது விளையாட்டு செய்ய உதவும் மென்பொருள்கள், எழுத்தை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும். ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் ‘வெ’ என்று தட்டினால் கணினிக்குள் முதலில் வ, பிறகுதான் கொம்பு. அது வரிசைப்படி ஒட்டினால் கொம்பு வலப்பக்கம் போய் நிற்கும், ‘வெண்பா’ என்ற சொல்லே முகம் திருகிக்கொள்ளும். ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் பிரிய வேண்டும். ‘கு’, ‘மு’, ‘று’ ஒவ்வொன்றும் ஒரு வடிவம். சரி, 247 எழுத்தையும் படமாக வரைந்து ஒரு தாளில் அடுக்கிவிடுவோம் என்று இறங்கினேன். பதினாறுக்குப் பதினாறு கட்டம், 256 இடம். எல்லாம் போக ஒன்பது இடம் மிச்சம்! நிரலாளனுக்கு 256-ஐப் பார்த்தால் வருகிற ஆனந்தம் மற்றவர்களுக்குப் புரியாது. அரை மணி நேரம் தொல்காப்பியரே கணினிக்காரர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு விளையாட்டில் ஒரு பஸ் வந்தது, ‘ஸ்’ வேண்டியிருந்தது. ஜ, ஷ, ஸ, ஹ நான்குக்கும் உயிர்மெய் சேர்த்து 52 இடம். ஆனந்தம் அதோடு போயிற்று.

இலவசமாகக் கிடைக்கிற கோடோ எந்திரத்தில் 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில்தான் தமிழ், மலையாளம் மாதிரி எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துக் காட்டும் வசதி வந்தது. அதற்குமுன் இருபது முப்பது வருஷம் சந்தை என்ன செய்துகொண்டிருந்தது? தமிழில் விளையாட்டு கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை, ஆகவே தேவையில்லை என்று இருந்தது. மலையாளத்திலும் இதே கதை. 2002-இல் தொடங்கிய சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவில், கூட்டெழுத்து உடைகிறதே என்று வயிறெரிந்து சொந்த நேரத்தில் எழுத்துரு செய்தவர்களால்தான் இன்று பல திரைகளில் மலையாளம் மலையாளமாகத் தெரிகிறது. அதன் பிறகு சந்தை வரும், மாலை போட்டுக்கொள்ளும். 1980-களில் கனடா போய்ச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை வைத்து டொராண்டோவில் செய்த ‘வெண்பா’ 2023-இல் வெளியாகி, அடுத்த ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. உடனே ‘பார், இட்லிக்கும் சந்தை இருக்கிறது’ என்றார்கள். விருதுக்கு முந்தைய வாரம் இட்லிக்கு முதலீடு கேட்டுப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொரு விசித்திரம். கேரளத்துப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்று ஒரு மாணவர் அமைப்பு நடக்கிறது. இரண்டாயிரத்துக்கும் அதிகமான பள்ளிகள். பிள்ளைகள் ஸ்கிராட்ச் என்ற நிரல் கருவியை வைத்துப் பூனையை ஓடவிடுகிறார்கள், பந்தை எகிறவிடுகிறார்கள். பதின்மூன்று வயதில் அதைச் செய்தால் அமைச்சர் வந்து சான்றிதழ் தருவார். முப்பத்தெட்டு வயதில் அதே பூனையை அதே மாதிரி ஓடவிட்டால் “வேலை வெட்டி இல்லையா?” கற்றுக்கொள்வதற்கு இத்தனாம் தேதியோடு கெடு முடிந்தது என்று எந்த அரசாணையில் வந்தது?

எதிர்த்தரப்பில் ஒருவருக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. என் மனைவிதான். அவளும் நிரலாளர்தான், அதே டெக்னோபார்க்கில் வேறு கட்டிடம். “ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குப் புலி, எனக்கு இட்லி மாவு” என்றாள் ஒருநாள். பவானி, தேஜஸ்வினி என்று ஆற்றுப் பெயர் வைத்த அந்தக் கட்டிடங்களிலிருந்து மாலையில் வெளியே வருகிற கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் ராத்திரி உட்கார்ந்து விளையாட்டு எழுதிப் பார்க்கிறவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. மூளை இல்லாமலா? நேரம் இல்லாமல்தான். என் ‘ஓய்வு நேரம்’ யாரோ கழுவிய பாத்திரத்தின்மேல் நிற்கிறது என்ற குற்றச்சாட்டு, பிரயோஜனக் கேள்வியைவிட நூறு மடங்கு கனமானது. அதற்குப் பதில் புலியை விடுவதில்லை, பாத்திரத்தைக் கழுவுவது. இப்போது செவ்வாயும் வியாழனும் அடுப்படி என்னுடையது. அந்த இரண்டு நாளும் அவள் ஏதோ எழுதுகிறாள், என்னவென்று காட்ட மறுக்கிறாள். நானும் பிரயோஜனம் கேட்கவில்லை.

அடுத்த எதிரி ஒப்பந்தத் தாள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் பத்தோ பன்னிரண்டோ எண் கொண்ட ஒரு பத்தி: வேலையில் இருக்கும் காலத்தில் ஊழியர் எழுதும் எல்லா நிரலும், எந்த நேரத்தில் எழுதினாலும், நிறுவனத்துக்குச் சொந்தம். மனிதவள அதிகாரியிடம், என் சொந்தக் கணினியில் ஞாயிற்றுக்கிழமை எழுதிய பம்பர விளையாட்டுமா என்று கேட்டேன். அவர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான் வேலையை விட்டு வருகிறவரை மேலே பதில் சொல்லவில்லை. பம்பரத்தை யாரும் அபகரிக்கப் போவதில்லை என்று தெரியும். ஆனால் அந்தப் பத்தியை எழுதிய மூளையும் “ப்ளே ஸ்டோரில் இட்டுகூடே” என்று கேட்கிற மூளையும் ஒரே பள்ளிக்கூடம்: நிரல் என்றால் சொத்து, சொத்து என்றால் யாருக்காவது வரவு வைக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் பத்து நிமிடத்தில் ஆடு புலியை எழுதித் தந்துவிடுமே என்பது இப்போதைய புதுப் பாட்டு. தரும். குறுக்கெழுத்துப் புதிரின் விடை அடுத்த வாரம் அச்சாகத்தான் செய்யும். அதற்காக யாரும் இந்த வாரம் பென்சிலைக் கீழே வைப்பதில்லை. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஓணம் விடுமுறைக்குத் தக்கலை போயிருந்தோம். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா கேட்டாள், “மக்கா, அந்தப் புலி எங்கலே?” கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். இரண்டு பக்கக் கோடு, நடுக்கோடுகள், குறுக்குக் கோடு. இடுப்பு வலியோடு குனிந்து வரைந்தும் ஒரு கோடும் வளையவில்லை. கல் மூன்றை என் பக்கம் தள்ளினாள். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக இறக்கினாள். நாலாவது கொட்டையைச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் வைத்தாள். பின்னால் காலி இடம். வெட்டலாம். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதைத் திரையில் நூறு தடவைக்குமேல் பார்த்தவன் நான். அந்த வலையை வரி வரியாக எழுதியவனும் நான்தான். பெரியம்மா என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டினேன்.